டீசல் கார்களில் அடைபடும் வடிகட்டி

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் விற்பனைக்கு வந்த டீசல் கார்களில், பழைய கார்களில் பெரும்பாலும் இல்லாத உறுப்பு ஒன்று இடம் பெற்றிருக்கிறது. எஞ்சினை ஒட்டியோ, அடிப்பாகத்தில் புகைக்குழாயின் நடுவிலோ அது பொருத்தப்பட்டிருக்கும். டீசல் கரித்துகள் வடிகட்டி என்பது அதன் பெயர். பட்டறைகளில் அதை டி.பி.எஃப். என்கிறார்கள். கார் வாங்குவோரில் பலர் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்பது, அது அடைபட்டுக் கார் வேகம் எடுக்க மறுக்கும் நாளில்தான். அன்று அவர்களுக்குக் கிடைக்கும் யோசனைகளுள் மிக எளியதும் மலிவானதும், உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பதாகும். கார் உரிமையாளரின் தொல்லை அத்துடன் தீரலாம். ஆனால் எண்ணெய் ஆலைகளும் வாகனத் தொழிலும் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவிட்டுக் காற்றுக்குத் தேடித் தந்த பயன், அந்தக் காரைப் பொறுத்தவரை, அன்றே இல்லாமற்போகிறது.

வடிகட்டி அடைபடுவது பட்டறைக்காரர் மட்டும் கவலைப்பட வேண்டிய சங்கதி என்று கருதுவது தவறு. அது பெரும்பாலும் கார் பயன்படுத்தப்படும் முறையின் விளைவு. அந்த முறையை மாற்றாமல் வடிகட்டியைக் குறை கூறுவதால் பயனில்லை. அரசு அலுவலகங்களின் கார்களும் இதற்கு விலக்கல்ல. சொல்லப்போனால் அவையே இதில் முன்னணியில் நிற்கின்றன.

விதிமுறை வந்த வரலாறு

டீசல் புகையிலுள்ள கரித்துகளின் அளவுக்கு விதிக்கப்பட்ட வரம்பு கடந்த இருபதாண்டுகளில் எவ்வாறு குறைந்து வந்தது என்பதைச் சில எண்களால் அறியலாம். பாரத் ஸ்டேஜ் 2 விதிமுறையில் டீசல் கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது வெளியிடக்கூடிய துகள் 80 மில்லிகிராம். மூன்றாம் கட்டத்தில் அது 50 ஆகவும், நான்காம் கட்டத்தில் 25 ஆகவும் குறைந்தது. நான்காம் கட்டம் 2010இல் தில்லி உள்ளிட்ட 13 நகரங்களில் தொடங்கி, 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்தது. ஐந்தாம் கட்டத்தைத் தாண்டி நேரே ஆறாம் கட்டத்துக்குச் செல்வதென்று மைய அரசு 2016 ஜனவரியில் முடிவு செய்தது. 2020 ஏப்ரல் முதல் நான்காம் கட்ட வண்டிகளை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் ஆணையிட்டது. ஆறாம் கட்டத்தில் வரம்பு கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம்.

எடையில் மட்டும் வரம்பு வைத்தால் போதாது என்பதும் இந்தக் கட்டத்தில் ஏற்கப்பட்டது. எடையில் மிகக் குறைவாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் இருக்கும் நுண்துகள்களே நுரையீரலின் ஆழத்துக்குச் செல்கின்றன. அங்கிருந்து குருதியிலும் கலக்கின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2012இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு 60,000 கோடித் துகள்களுக்கு மேல் வெளிவரலாகாது என்று எண்ணிக்கை வரம்பும் விதிக்கப்பட்டது. எண் பெரிதாகத் தோன்றினும், வடிகட்டி இல்லாத டீசல் எஞ்சின் இந்த வரம்புக்குள் நிற்பது நடைமுறையில் இயலாது.

வடிகட்டி வருமுன் எரிபொருள் மாற வேண்டியிருந்தது. கந்தகம் மிகுந்த டீசல் வடிகட்டிக்கு முன்னுள்ள வினையூக்கியைக் கெடுத்துவிடும். மூன்றாம் கட்ட டீசலில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு கந்தகம் இருந்தது. நான்காம் கட்டத்தில் 50 பங்கு. ஆறாம் கட்டத்தில் 10 பங்கு. தில்லிக்கு இந்த டீசல் 2018 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நெடுந்தொலைவு செல்லும் கார் எந்த மாநிலத்தில் டீசல் நிரப்பினாலும் வடிகட்டிக்குக் கேடு வராதபடி, 2020இல் நாடு முழுவதும் ஒரே தரம் வந்தது. மண்ணெண்ணெய் கலந்த டீசலை வாங்கி ஊற்றுவோர் இந்த ஏற்பாட்டைத் தம் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்கள்.

தேன்கூடும் அதன் அடுப்பும்

வடிகட்டியின் உள்ளமைப்பு எளியது. பீங்கான் போன்ற ஒரு பொருளால் அல்லது சிலிக்கன் கார்பைடால் ஆன உருளை அது. அதில் தேன்கூடு போல நூற்றுக்கணக்கான நுண்ணிய குழல்கள் நீளவாட்டில் ஓடுகின்றன. ஒரு குழலின் வாய் திறந்திருந்தால் அடி மூடியிருக்கும். பக்கத்துக் குழலின் வாய் மூடி, அடி திறந்திருக்கும். எனவே உள்ளே நுழைந்த புகை, குழல்களுக்கிடையேயுள்ள நுண்துளைச் சுவரைக் கடந்தே வெளியேற முடியும். வாயு கடந்து போகும். கரி சுவரில் படிந்துவிடும். துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இவ்வாறு பிடிபடுகின்றன. 2000ஆம் ஆண்டில் பிரான்ஸின் பெஜோ நிறுவனம் தன் 607 காரில் இதைப் பொருத்தி விற்றதிலிருந்து அடிப்படை அமைப்பு மாறவில்லை.

பிடிபட்ட கரியை என்ன செய்வது? காப்பி வடிகட்டியைப் போலக் கழற்றிக் கொட்ட முடியாது. அது இருந்த இடத்திலேயே எரிக்கப்பட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் அமைந்திருக்கின்றன. கார் நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் ஓடும்போது புகையின் வெப்பம் 250 முதல் 400 டிகிரி வரை செல்லும். அந்த வெப்பத்தில், வினையூக்கியில் உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடு கரியைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே இருக்கும். ஓட்டுபவர் ஏதும் செய்ய வேண்டியதில்லை. ஏதும் நடப்பதாக அவருக்குத் தெரிவதும் இல்லை.

வேகம் இல்லாத ஓட்டத்தில் இந்த வழி அடைபட்டுப்போகிறது. அப்போது எஞ்சினின் கணினி இரண்டாம் வழியைக் கையாள்கிறது. வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஒரு உணர்கருவி அளந்து சொல்லும். கரி ஓர் அளவைத் தாண்டியதும், பிஸ்டன் வேலை முடிந்து கீழிறங்கும் நேரத்தில் சிறிது டீசல் கூடுதலாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படும். அது அங்கே எரியாமல் புகையோடு சென்று, வினையூக்கியில் எரிந்து, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரிக்கு உயர்த்தும். பத்து இருபது நிமிடங்களில் கரி எரிந்து தீரும். காருக்கும் ஓட்டத்துக்கும் ஏற்ப, சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை இது நிகழும். மெக்கானிக்குகள் இதை ரீஜெனரேஷன் என்பார்கள். தமிழில் தன்-எரிப்பு எனலாம்.

இந்த இருபது நிமிடந்தான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம். அது நடந்துகொண்டிருக்கும்போதே வீடு வந்துவிடுகிறது, சாவி திருகப்படுகிறது, அடுப்பு பாதியில் அணைகிறது. மறுநாளும் அவ்வாறே. பாதியில் நின்ற ஒவ்வொரு தன்-எரிப்பும் கரியை எஞ்ச விடுகிறது. அதோடு வேறொரு கேட்டையும் விளைவிக்கிறது. கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அதற்குக் காரணம் இதுதான். டீசல் கலந்து நீர்த்த ஆயில் எஞ்சின் பேரிங்குகளைக் காக்காது. அளவுகோலில் ஆயில் உயர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்வோர் உண்டு. அவர்கள் அன்றே பட்டறைக்குச் செல்வது நல்லது.

நிற்கும் கார்

வடிகட்டி அடைபடும் கார்கள் எவை என்று பார்த்தால், பெரும்பாலும் மிகக் குறைவாக ஓடுபவை. காலையில் நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கும், பிறகு ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கும் நெரிசலில் ஊர்ந்து செல்லும் கார், புகைக்குழாய் சூடேறுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. தில்லியிலும் பெங்களூரிலும் மும்பையிலும் அத்தகைய ஓட்டமே பலருக்கு வாய்த்திருக்கிறது. அதே காரை மாதம் இருமுறை நெடுஞ்சாலையில் ஓட்டும் குடும்பத்துக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

இதைவிட மோசமானது ஓடாமலே இயங்கும் கார். வட இந்தியக் கோடையில் ஒரு மாவட்டத் தலைமையிடத்தைக் கற்பனை செய்யலாம். அதிகாரி கூட்டத்துக்குள் சென்றிருக்கிறார். கார் வெளியே எஞ்சினும் குளிர்சாதனமும் இயங்கியபடி இரண்டு மணி நேரம் நிற்கிறது. அவர் திரும்பி வரும்போது உள்ளே வெக்கை இருக்கக் கூடாது. நின்றபடி இயங்கும் எஞ்சினின் புகை 100, 150 டிகிரியைத் தாண்டுவது அரிது. கரி சேர்ந்துகொண்டே இருக்கும். கிலோமீட்டர் மானியில் ஓர் எண்கூட நகராது. ரோந்து வண்டிகள், மருத்துவ ஊர்திகள், வழிப் பாதுகாப்புக்காக நிறுத்தப்படும் ஜீப்புகள் எல்லாவற்றின் கதையும் இதுவே. லாக் புத்தகத்தைப் பார்த்துப் பராமரிப்பைத் தீர்மானிக்கும் அலுவலகத்துக்கு, அந்த வண்டியின் எஞ்சின் உண்மையில் எத்தனை மணி நேரம் இயங்கியது என்பது தெரியவே தெரியாது.

பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு எச்சரிக்கை விளக்கும் தெரியாது. அது ஓட்டுநருக்கு முன்னால் எரிகிறது. விளக்கு எரிகிறது என்று சொன்னால் வண்டியைக் கெடுத்துவிட்டாய் என்ற பேச்சு வரும் என்று அஞ்சும் ஓட்டுநர், அது தானே அணையும் என்று காத்திருக்கிறார். அவருக்குப் பத்து ஆண்டுகள் பழைய அம்பாசடரும் ஜீப்பும் ஓட்டிய அனுபவம் இருக்கும். இந்த விளக்கின் பொருளை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பழுது பார்க்க ஒப்புதல் கேட்டு அனுப்பிய கோப்பு மேசைக்கு மேசை நகரும் வாரங்களில், சாலையிலேயே சரிசெய்திருக்கக்கூடிய ஒன்று உறுப்பையே மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது. புதிய வடிகட்டியின் விலை பத்தாயிரங்களில் எண்ணப்படுவது. சில கார்களில் லட்சத்தைத் தாண்டும். அதன் உட்பூச்சில் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பது ஒரு காரணம்.

விளக்கு எரிந்தால்

ஒரு குழாயின் நடுவே பெட்டியும் அதனுள் சில புள்ளிகளும் வரைந்த மஞ்சள் விளக்கு எரிந்தால், கார் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. எரிப்பதற்கு வாய்ப்புக் கொடு என்று கார் கேட்கிறது, அவ்வளவே. எஞ்சின் நன்கு சூடேறிய பின், மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாத சீரான வேகத்தில், வழக்கமான கியருக்கு ஒன்று கீழே வைத்து, எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 2,000க்கு மேல் இருக்குமாறு பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். காருக்குக் கார் அளவு சிறிது மாறும்; உரிமையாளர் கையேட்டில் அது அச்சிடப்பட்டிருக்கிறது. தில்லியில் விடிகாலை வெளிவட்டச் சாலையும், ஐதராபாதில் நேரு வெளிவட்டச் சாலையும் இதற்கு ஏற்றவை. சிறு நகரங்களில் ஊர் எல்லையைத் தாண்டினால் போதும். டீசல் தொட்டி அடிமட்டத்தில் இருந்தால் பல கார்கள் தன்-எரிப்பைத் தொடங்குவதில்லை என்பதைப் பலர் அறியார். கால் தொட்டியாவது இருக்க வேண்டும்.

தன்-எரிப்பு நடப்பதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. நிற்கும்போது எஞ்சின் வழக்கத்தைவிடச் சற்று வேகமாகச் சுழலும். புகைக்குழாய்ப் பக்கம் சூடேறிய உலோக வாடை வரும். எஞ்சினை நிறுத்திய பின்னும் விசிறி ஓடிக்கொண்டிருக்கும். இவற்றைக் கண்டால் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வருவதே சிக்கனம். காரை அந்நேரம் காய்ந்த புல்லின் மேலோ சருகுக் குவியலின் மேலோ நிறுத்தலாகாது. கர்நாடகத்தின் கிராமச் சாலைகளில் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் வண்டிச் சக்கரம் ஏறிக் கதிரடிக்கட்டும் என்று பரப்பி வைப்பார்கள். அந்தத் தாள் காரின் அடியில் சுற்றிக்கொண்டால், சாதாரணப் புகைக்குழாயே ஆபத்து; 600 டிகிரிக்குச் சூடான வடிகட்டி பெரும் ஆபத்து.

மஞ்சள் விளக்கைப் பொருட்படுத்தாமல் விட்டால், அடுத்து எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரியும். கார் தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் நெடுஞ்சாலைக்கு ஓட்டிச் சென்று எரித்துவிடலாம் என்பது காலங்கடந்த யோசனை. அளவுக்கு மீறிச் சேர்ந்த கரி ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால் வெப்பம் 1,000 டிகிரியையும் தாண்டி, தேன்கூடு வெடித்தோ உருகியோ போகும். கார் தன்-எரிப்பை மறுப்பது அதைத் தடுக்கத்தான்.

பட்டறையில் செய்யத் தக்கது

நல்ல பட்டறை முதலில் வடிகட்டியைத் தொடாது. ஸ்கேனரை மாட்டிக் கரியின் அளவு, சாம்பலின் அளவு, அழுத்த வேறுபாடு, கடைசித் தன்-எரிப்புக்குப் பின் ஓடிய தொலைவு ஆகியவற்றைப் படிக்கும். பிறகு கரி ஏன் இவ்வளவு சேர்ந்தது என்று தேடும். திறந்தபடி சிக்கிக்கொண்ட புகை மறுசுழற்சி வால்வு, ஒழுகும் இன்ஜெக்டர், டர்போவிலிருந்து கசியும் ஆயில், திறந்த நிலையிலேயே நின்றுவிட்டதால் எஞ்சினைச் சூடேற விடாத தெர்மோஸ்டாட் ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். அழுத்தமானிக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் விரிசல் விட்டிருந்தால், நல்ல வடிகட்டியையும் அடைபட்டதாகக் கணினி எண்ணும். சிறு தொகைக்குக் கிடைக்கும் குழாய்க்காக வடிகட்டியையே மாற்றிய கதைகள் பட்டறை வட்டாரத்தில் புதியவையல்ல. மூலகாரணத்தைச் சரிசெய்யாமல் புது வடிகட்டி போட்டால், அதுவும் சில மாதங்களில் அடைபடும்.

காரணம் நீங்கிய பின், கரி வரம்புக்குள் இருந்தால், ஸ்கேனர் மூலம் கட்டளையிட்டுக் காரை நிறுத்தியபடியே எரிக்கலாம். திறந்த வெளியில், சிமெண்டுத் தரையில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, ஆள் விலகி நிற்க இதைச் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் டீசல் கலந்திருக்கக்கூடிய ஆயிலை மாற்றுவது நலம். இதற்கும் மசியாவிட்டால் வடிகட்டியைக் கழற்றி, எடை பார்த்து, புகை சென்ற திசைக்கு எதிராக அழுத்தக் காற்றைச் செலுத்தியும், உலையில் கட்டுப்பாடாகச் சூடேற்றியும் தூய்மை செய்து, மீண்டும் எடை பார்க்கும் முறை இருக்கிறது. இரண்டு எடைகளையும் எழுதித் தராத இடத்தில் வேலை நடந்ததா என்பதே ஐயத்துக்குரியது. தெருவோரத்தில் அமிலம் கலந்த நீரைப் பாய்ச்சிக் கழுவுவது உட்பூச்சைப் போக்கிவிடும். கழுவிய கருநீர் சாக்கடைக்குப் போவது அதனினும் தீது. எந்த நஞ்சைக் காற்றிலிருந்து பிடித்தோமோ அதையே நீரில் கலப்பதாக அது முடியும்.

கரி எரியும், சாம்பல் எரியாது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். எஞ்சின் ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் கூட்டுப்பொருள்கள் சிறிது சிறிதாக எரிந்து சாம்பலாகி வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கும். எத்தனை நெடுஞ்சாலை ஓட்டமும் அதை அகற்றாது. பொதுவாக லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகே அது தொல்லையாகும். தகாத ஆயில் ஊற்றினால் முன்னதாகவே வரும். ஐரோப்பிய வகைப்பாட்டில் சி வகுப்பைச் சேர்ந்த ஆயில்களில் சாம்பல் நூற்றுக்கு 0.5 அல்லது 0.8 பங்குக்கு மேல் இராது. பழைய டீசல் எஞ்சின்களுக்கான வகைகளில் 1.6 வரைகூட இருக்கலாம். அலுவலகத்தின் எல்லா வண்டிகளுக்கும் ஒரே பீப்பாயிலிருந்து ஆயில் வழங்கும் பழக்கம் பழைய ஜீப்புகளின் காலத்தில் சிக்கனமாக இருந்தது. இன்று அது அப்படியல்ல. கையேடு குறிப்பிடும் தரம் எதுவோ அதையே கொள்முதல் ஆணையில் எழுத வேண்டும்.

வேறொரு குழப்பமும் பரவலாக உள்ளது. சில டீசல் வண்டிகளில் தனித் தொட்டியில் ஊற்றப்படும் யூரியாக் கரைசல் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்கு உரியது. அதற்கும் கரி வடிகட்டிக்கும் நேரடித் தொடர்பில்லை. கரைசலை நிரப்புவதால் அடைப்பு நீங்காது.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு

தேன்கூட்டை உடைத்தெடுத்து, வெறும் ஓட்டைத் திரும்பப் பற்றவைத்து, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி கணினியை மாற்றி எழுதித் தருவது ஒரு மறைமுகத் தொழிலாக உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத வகையில் வண்டியைத் திருத்தும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சட்டத்தில் குறையில்லை. குற்றத்தைக் கண்டுபிடிக்கும் கருவிதான் இல்லை.

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் வழங்கும் நிலையங்களில் டீசல் காரை நிறுத்தி, முடுக்கியை மிதித்து, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளக்கிறார்கள். கருமேகமாகப் புகை கக்கிய பழைய லாரிகளுக்காக அமைந்த சோதனை அது. உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் இன்றைய எஞ்சின், வடிகட்டி இல்லாமலும் கண்ணுக்குத் தெரியும் புகையை அதிகம் வெளியிடுவதில்லை. அதன் துகள்கள் மிக நுண்ணியவை. ஒளியை மறைக்க மாட்டா. எனவே வடிகட்டி உடைக்கப்பட்ட காரும் அச்சடித்த சான்றிதழுடன் வெளியே வர முடிகிறது. உரிமையாளரும் தவறேதும் செய்ததாக எண்ணுவதில்லை. சான்றிதழ் கையில் இருக்கிறதே!

ஐரோப்பா இந்த நிலையை நமக்கு முன்பே சந்தித்தது. அங்கு 2011 முதல் எல்லாப் புது டீசல் கார்களிலும் வடிகட்டி நடைமுறையில் கட்டாயமாயிற்று. அடைப்பும் வந்தது, உடைப்பும் வந்தது. பிரிட்டன் 2014 பிப்ரவரி முதல் ஆண்டுச் சோதனையில் வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. வெளியே பார்த்தால் ஓடு இருக்கும். உள்ளே கூடு இராது. ஆதலால் கண்ணால் பார்க்கும் சோதனையால் விளைந்த பயன் சிறிதே. பிறகு பெல்ஜியம் 2022 ஜூலையிலும், நெதர்லாந்து 2023 ஜனவரியிலும், ஜெர்மனி 2023 ஜூலையிலும் துகள்களை எண்ணும் கருவியைச் சோதனை நிலையங்களுக்குக் கொண்டுவந்தன. கார் நின்றபடி இயங்க, புகைக்குழாயில் ஒரு முனையைச் செருகினால், ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனைத் துகள் என்று கருவி சொல்லிவிடும். நெதர்லாந்தில் பத்து லட்சத்துக்கு மேல் இருந்தால் கார் தேறாது. ஜெர்மனியின் வரம்பு இரண்டரை லட்சம். வடிகட்டி நல்ல நிலையிலிருந்தால் எண் இதற்கு மிகக் கீழே இருக்கும். உடைந்திருந்தால் பன்மடங்கு மேலே போகும். இடையில் தடுமாற்றத்துக்கு இடமில்லை.

நம் நாட்டில் தானியங்கிச் சோதனை நிலையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அவற்றிலேனும் இந்தக் கருவியை முதலில் வைப்பது தகும். ஆயினும் சோதனையை மட்டும் கடுமையாக்கி, சரிசெய்யும் வழியை மக்களுக்கு எட்டாத தொலைவில் வைத்தால் உடைப்பு ஓயாது, மறைவுக்குப் போகும். ஒரு மாவட்டத் தலைநகரில் எடை பார்த்து வடிகட்டியைத் தூய்மை செய்யும் ஒரு நிலையமாவது நம்பத்தக்க விலையில் இருந்தால்தான், உடைப்பவரிடம் போகாதே என்று உரிமையாளரிடம் சொல்ல முடியும். தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர்கள் ஸ்கேனரைப் படிக்கவும், கரியையும் சாம்பலையும் பிரித்தறியவும், அழுத்தமானியைச் சோதிக்கவும் கைப்பயிற்சி பெற வேண்டும். வட்டார மெக்கானிக்குக்கு ஸ்கேனர் இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்த ஒரே கருவி உளியும் சுத்தியலுந்தான்.

எந்தக் காரை வாங்குவது

அடைப்பின் தொடக்கம் பல வேளைகளில் கார் வாங்கும் நாளிலேயே இருக்கிறது. பெட்ரோலைவிட டீசல் பல ரூபாய் மலிவு என்ற காலத்தில், குறைவாக ஓட்டுபவரும் டீசல் காரை நாடினார். 2010இல் பெட்ரோல் விலையும் 2014 அக்டோபரில் டீசல் விலையும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து நீங்கின; விலை இடைவெளி சுருங்கியது. 2020இல் வடிகட்டி முதலியவற்றால் டீசல் காரின் விலையும் கூடியது. நாட்டின் மிகப் பெரிய கார் உற்பத்தியாளரான மாருதி சுசுகி அந்த ஆண்டோடு டீசல் கார் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஆயினும் பழைய கணக்கு பல வீடுகளில் மாறவில்லை. அலுவலகங்களிலோ இன்னும் மெதுவாகவே மாறுகிறது.

நாள்தோறும் நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் செல்பவருக்கு டீசல் கார் இன்றும் ஏற்றதே. அவருடைய வடிகட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். நகருக்குள் பத்துக் கிலோமீட்டர் ஊர்பவருக்கு அது பொருந்தாது; பெட்ரோலோ மின்சாரமோ அவருக்கு உகந்தது. துறைகள் வண்டி வாங்கும்போது இத்தனை இருக்கை, இவ்வளவு விலை என்று மட்டும் எழுதாமல், அந்த வண்டி எங்கே, எவ்வளவு தொலைவு ஓடும், எவ்வளவு நேரம் நின்றபடி இயங்கும் என்பதையும் எழுதிப் பார்த்தால், நகர ரோந்துக்கும் அலுவலகப் பயணத்துக்கும் டீசல் வண்டி கேட்கும் கோப்புகள் பல திரும்பிவிடும். ஏற்கெனவே வாங்கிய வண்டிகளுக்கு லாக் புத்தகத்தில் இரண்டு பத்திகள் சேர்க்கலாம்: விளக்கு எரிந்த நாள், வண்டி சாலைக்கு எடுத்துச் செல்லப்பட்ட நாள். இரண்டாவது பத்தியை நிரப்ப, ஓட்டுநருக்கு வாரத்தில் அரை மணி நேரமும் முப்பது கிலோமீட்டருக்கான டீசலும் முன்கூட்டியே ஒப்பளிக்கப்பட்டிருக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் அவர் அனுமதி கேட்டு நிற்கும் நிலை கூடாது.